நான்கு பைசாப் பங்கு: பள்ளிகளுக்காக ஊர் கூடி உலையேற்றிய காலம்

சங்கரன்கோவில் வட்டாரத்தின் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், நண்பகல் மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் அமர்வதைக் காண்கிறோம். தொடக்கப் பள்ளிகளில் இப்போது காலையுணவும் உண்டு. இதை அரசின் திட்டம் என்றே நம்மில் பலரும் அறிந்திருக்கிறோம். ஆயினும் அது அரசின் திட்டமாவதற்கு முன்னர், 1956-இல் தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம், அரசு மானியம் ஏதுமின்றி மக்களே தாங்கிய பணியாக இருந்தது. ஊரார் தந்த தானியமும் விறகும் காய்கறியும் பல பள்ளிகளின் அடுப்பை எரியவைத்த அந்தக் காலம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திற்குப் பெருமை சேர்த்தது. அதை மறந்துவிட்டால், பொதுப்பள்ளி என்பதில் நமக்கும் ஒரு பங்குண்டு என்பதையும் மறந்துவிடுவோம். இக்கட்டுரையின் கவலை அதுவே.

பள்ளியில் பசியாற்றும் எண்ணம் 1956-இல் திடீரெனப் பிறந்ததன்று. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியொன்றில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவிற்கு மிகாமல் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரம் விளக்கு என்னும் பெயரே, அங்குள்ள முஸ்லிம் வழிபாட்டிடத்தில் ஏற்றப்பட்ட விளக்குகளால் வந்தது என்பதை நாம் அறிவோம். அந்த முயற்சி சில ஆண்டுகளில் பணமுடையால் தடைபட்டது. பிறகு ஓரளவில் மீண்டும் நடந்தது. எனினும் அது மாநகர எல்லையைத் தாண்டவில்லை. கரிசல் காட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடியிலும் வாழ்ந்த பிள்ளைகளை அது எட்டவேயில்லை.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். முந்தைய ஆண்டு கொண்டுவரப்பட்டுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த அரைநாள் பள்ளித் திட்டத்தை அவர் கைவிட்டார். பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் பள்ளியைத் திறந்ததனாலேயே பிள்ளைகள் வந்துவிடவில்லை. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம், ஏன் படிக்கப் போகவில்லை என்று முதலமைச்சர் வினவியதாகவும், போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நெல்லைச் சீமையில் ஒரு செய்தி வழங்குகிறது. அது நடந்தவாறே சொல்லப்படுகிறதோ, சொல்லிச் சொல்லி மெருகேறியதோ, அதிலுள்ள உண்மை மாறாது. ஏழைக் குடும்பத்தில் பிள்ளையின் கூலி அன்றைய உலைக்கு வேண்டியிருந்தது. அந்தக் கூலியை விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறாவது பள்ளியில் கிடைக்க வேண்டும்.

இதற்கான வழியைக் காமராசர் நூல்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. விருதுநகரில் அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் சேர்த்த பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. சமைக்கும்முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பது. வாரந்தோறும் அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குச் செலவிடுவது. நம் மஹல்லாக்களிலும் மதரஸாக்களுக்காகப் பிடியரிசி திரட்டும் வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். கொடுப்பவருக்குச் சுமை தெரியாது. பெறும் நிறுவனமோ நிமிர்ந்து நிற்கும். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்காகச் செய்ததை ஊர் முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் செய்ய முடியுமா என்பதே அப்போது எழுந்த கேள்வி. அரசின் கருவூலம் இதைத் தாங்காது என்று ஐயுற்றோர் இருந்தனர். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, முதலில் ஊராரிடமே கேட்டுப் பார்க்கலாம் என்ற வழியைக் கைக்கொண்டார்.

அந்த வழி எட்டயபுரத்தில் தொடங்கியது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கிழக்கே செல்வோர் அடையும் ஊர் அது. இன்று நாம் தென்காசி மாவட்டத்திலும் அது தூத்துக்குடி மாவட்டத்திலும் இருந்தாலும், 1956-இல் இரண்டும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. பாரதியார் பிறந்த ஊர் என்பதால் பகலுணவுத் திட்டத்தை அங்குத் தொடங்கினர்.

முஸ்லிம்களாகிய நமக்கு எட்டயபுரம் இன்னொரு வகையிலும் உறவுடையது. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அங்கு அரசவைப் புலவராக விளங்கினார், அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் கடிகைமுத்துப் புலவர் என்னும் இந்து ஆசான். நபிகளார் (ஸல்) அவர்களின் வரலாற்றை அவருக்கு விளக்கியோர் முஸ்லிம் மார்க்க அறிஞர்கள். பொருளுதவி செய்தோர் கீழக்கரைச் சீதக்காதி வள்ளலும் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியம் உருவாக இத்தனை பேரின் துணை வேண்டியிருந்தது. பல கைகள் சேர்ந்து ஒன்றை ஆக்கும் மரபு அம்மண்ணுக்குப் புதியதன்று.

அந்த முதற்காலத்தில் திட்டம் நடந்த முறை மிக எளியது. பள்ளி இருக்கும் ஊரிலேயே ஒரு குழு அமையும். நிலமுடையோர் தானியம் தருவர். கடைக்காரர் பருப்பும் புளியும் தருவர். பணமும் பொருளும் இல்லாதவர் விறகு சுமந்து வருவர், அல்லது சமையலுக்குக் கை கொடுப்பர். ஆசிரியரே கணக்கெழுதுவார்; அவரே பந்தி விசாரிப்பார். ஓர் ஊரில் நடப்பதைக் கண்டு அடுத்த ஊர் தொடங்கியது. மாவட்டக் கழகப் பள்ளி, கிறித்தவத் திருச்சபை நடத்திய பள்ளி, தனியார் நிர்வாகத்தின் உதவி பெறும் பள்ளி என்ற வேறுபாடு பசிக்கு இல்லை. உணவுத் திட்டமும் அவ்வேறுபாட்டைப் பாராட்டவில்லை. வெவ்வேறு நிர்வாகங்களின் கீழிருந்த பள்ளிகள் ஒரே நோக்கத்தில் இணைந்தன. எட்டயபுரத்தில் மூட்டிய அடுப்பு, குறுகிய காலத்தில் மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

இம்முறையின் குறையையும் சொல்லவேண்டும். நன்கொடை, மழையைப் போன்றது. விளைந்த மாதத்தில் மிகுதியாக வரும். வறண்ட மாதத்தில் குறையும். செழித்த ஊர்ப் பள்ளியில் சோறு தட்டாது. வானம் பார்த்த பூமியிலோ, பிள்ளைகளின் பசி மிகும் காலத்தில்தான் கொடுப்போரின் களஞ்சியமும் காலியாக இருக்கும். ஊரின் ஈகை மட்டும் போதாது, அரசின் உறுதியும் வேண்டும் என்பதையும் அந்த அனுபவமே கற்பித்தது.

அக்காலத்தின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 1957 செப்டம்பரில், அண்டையிலிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதையொட்டிச் சாதிக் கலவரம் மூண்டு உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. ஒருவர் தொட்ட நீரை மற்றவர் அருந்தாத காலம் அது. அதே காலத்தில்தான் பள்ளித் தாழ்வாரங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்ணத் தொடங்கினர். ஒரே ஸஃப்பில் தோளொடு தோள் உரசி நின்று தொழும் நமக்கு, ஒரே வரிசையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1957-இன் இறுதியில் அரசு இத்திட்டத்தை ஏற்று மானியம் வழங்கத் தொடங்கியது. அப்போது வகுத்த கணக்கு சிந்திக்கத்தக்கது. அந்த ஏப்ரலில்தான் அணாக் கணக்கு மாறி நயா பைசா வந்திருந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துப் பைசா என்று மதிப்பிட்டு, அதில் ஆறு பைசாவை அரசு தரும், எஞ்சிய நான்கு பைசாவை உள்ளூர் மக்கள் தரவேண்டும் என்று வகுத்தனர். ஊராரின் பங்கை அரசு நீக்கிவிடவில்லை. அதற்குத் தன் துணையைச் சேர்த்தது. நான்கு பைசா தந்தவருக்குப் பள்ளிக்குள் நுழைந்து, இன்று என்ன சமைத்தீர்கள், எத்தனை பேர் உண்டார்கள் என்று கேட்கும் உரிமையும் கிடைத்தது. உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தது.

இப்பழக்கம் சோற்றோடு நிற்கவில்லை. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் யாவும் தத்தம் தேவைகளைப் பட்டியலிட்டன: கூரை, கிணறு, சுற்றுச்சுவர், கரும்பலகை, கடிகாரம், சீருடை. பட்டியல் ஊராரின் முன் வைக்கப்பட்டது. இயன்றதை இயன்றோர் ஏற்றனர். தொடர்ந்து மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்து, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் பள்ளிகளை அடைந்தன. ஒரு பள்ளி மட்டும் கேட்டிருந்தால் இரப்பாகத் தோன்றியிருக்கும். பல பள்ளிகள் சேர்ந்து கேட்டமையால் அது ஊர்ப்பணியாயிற்று.

பின்னர் வந்தவை நாம் அறிந்தவை. 1961-இல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால்மாவும் எண்ணெயும் பிற உணவுப் பொருள்களும் வழங்கத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப்படவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. செலவை அரசு முழுவதும் ஏற்றமையால் பிள்ளைகளின் சோறு உறுதியாயிற்று. இது பெரும் நன்மை. ஆயினும் அந்த நான்கு பைசா மறைந்தபோது, அதனுடன் சேர்ந்திருந்த பொறுப்பும் மெல்ல மறைந்தது. பொதுப்பள்ளி 'அவர்கள் பள்ளி' ஆயிற்று. அவரவர் சமுதாயம் அவரவர் நிறுவனங்களை வளர்ப்பதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. நாமும் அதற்கு விலக்கல்லர்.

இதன் விளைவை நம் வட்டாரமே கண்டது. காலை உணவுத் திட்டம் தொடங்கிய அதே 2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில், பட்டியல் சாதிப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுக்கும் காணொலி நாடெங்கும் பரவியது. காவல்துறை வழக்குப் பதிந்தது. பள்ளியில் ஒரே வரிசையில் அமரும் பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு மிட்டாய் மறுக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தின் வரிசையைத் தெருவரை நீட்டுவது அரசாணையால் மட்டும் ஆகக்கூடியதன்று. ஊரார் பள்ளியின் பங்காளிகளாக இருக்கவேண்டும்.

இவ்விடத்தில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழி தெளிவானது. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பது ஈமானுக்கு ஒவ்வாது என்பது நபிமொழி கற்பிக்கும் பாடம். அண்டை வீட்டார் இன்ன மார்க்கத்தவர் என்று அதில் வரையறை இல்லை. நன்றியையும் கைம்மாறையும் எதிர்பாராமல் ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டோருக்கும் உணவளிப்போரை அல்இன்ஸான் அத்தியாயம் போற்றுகிறது. அன்று சிறைப்பட்டிருந்தோர் முஸ்லிமல்லாதார் என்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றதும் நாம் அறிந்த வரலாறே. ஸகாத்துக்குரிய எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுத்துள்ளது. அதை அந்த வரம்புக்குள்ளேயே வழங்கவேண்டும். ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. ஊர்ப்பள்ளியின் தேவைக்கு நாம் தரவேண்டியது அந்த வாசலிலிருந்துதான்.

செய்யும் முறையும் நமக்குப் பழக்கமானதே. ரமளானில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி எவ்வாறு காய்ச்சப்படுகிறது? அரிசியை அரசு தருகிறது; ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு வீட்டார் ஏற்கின்றனர்; இளைஞர் அண்டாவைக் கிளறுகின்றனர்; மாலையில் தூக்குவாளியோடு வருவோரிடம் மார்க்கம் கேட்பதில்லை. ஆறு பைசாவும் நான்கு பைசாவும் சேர்ந்த அதே கணக்கு இங்கும் இருக்கிறது. முப்பது நாள் செய்யத் தெரிந்த ஜமாஅத்துக்குப் பதினொரு மாதமும் செய்ய இயலாது என்பதற்குக் காரணம் இல்லை.

இன்று பள்ளிக்குச் சோறு கொடுக்கவேண்டிய தேவை குறைந்திருக்கலாம். பிற தேவைகள் குறையவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கே பெரும்பங்கு அளித்திருக்கிறது. அதன் கூட்டத்துக்கு நம் வீட்டுத் தாய்மார்களும் தந்தையரும் தவறாமல் செல்லவேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு ஊராரும் பழைய மாணவரும் உதவ வழிசெய்யும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மஹல்லாவைச் சுற்றியுள்ள நான்கைந்து பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஜமாஅத்தார் ஒருமுறை சந்தித்து, 1958-இல் செய்ததுபோல் தேவைப் பட்டியலைக் கேட்கலாம். நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளி, பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தன் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் வாரத்தில் ஒரு நாள் திறந்துவிடலாம். மாலை வகுப்பெடுக்க ஒரு பட்டதாரி, கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு, வாசலில் ஒரு விளக்கு: இவற்றுள் எதுவும் ஒரு ஜமாஅத்தின் சக்திக்கு மீறியதன்று.

1956-இல் விறகுக்கட்டைச் சுமந்துவந்து பள்ளி வாசலில் இறக்கியவரின் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவர் வைத்த அடுப்பு இன்றும் எரிகிறது. அதில் நம் பங்கான நான்கு பைசாவை, இன்றைய மதிப்பில், இந்தக் கல்வியாண்டிலேயே செலுத்தத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.