இருப்பதை ஏன் மறுபடி அனுப்ப வேண்டும்? - நகலெடுத்தலின் சிறு வரலாறு

ஒரு நிறுவனத்தில் பத்து மெய்நிகர் கணினிகள், அதாவது வர்ச்சுவல் மெஷின்கள், ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் நகல்கள் பத்து தனித்தனிப் பணிகளாக வேறொரு ஊரிலுள்ள சர்வருக்குப் போகின்றன. நிர்வகிக்க எளிது என்று பத்தையும் ஒரே பணியாகச் சேர்க்கிறார்கள். ஆனால் மறுமுனையில் ஏற்கனவே 500 ஜிபி நகல் இருப்பது அந்தப் புதிய பணிக்குத் தெரியாது. முதலிலிருந்து அனுப்பத் தொடங்கிவிடும். நொடிக்கு 10 மெகாபிட் வேக இணைப்பில் இதற்கு நாலரை நாளுக்கு மேல் ஆகும். பழைய நகலையும் அழித்துவிட்டிருந்தால், அந்த நாட்களில் மூல சர்வர் பழுதாகும்போது கைகொடுக்க முழு நகல் எதுவும் இருக்காது.

இதற்கான விடை மெய்நிகர் கணினிகளுக்காகப் பிறந்ததல்ல. இணையம் மோடத்தில் முனகிக்கொண்டிருந்த காலத்தது அது.

1996ஆம் ஆண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களில் ஒரே கோப்பின் பழைய, புதிய வடிவங்கள் உள்ளன. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் வித்தியாசத்தை மட்டும் எப்படி அனுப்புவது?

அவர்கள் செய்தது இதுதான். பெறும் கணினி தன் பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கைரேகைகள் எடுத்து அனுப்பும். ஒன்று விரைவாகக் கணக்கிடக்கூடியது, மற்றது எம்டி4 முறையிலான உறுதியானது. அனுப்பும் கணினி தன் புதிய கோப்பை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடும். முதல் கைரேகை பொருந்தினால் மட்டுமே இரண்டாவதைச் சரிபார்க்கும். பொருந்திய துண்டுக்கு எண் மட்டும் போகும், பொருந்தாதது முழுதாகப் போகும். டிரிட்ஜெலின் 1999ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இது இடம்பெற்றது.

2002இல் பெல் ஆய்வகத்தின் வென்டி என்ற சேமிப்பு முறை இன்னொரு படி சென்றது. அதில் ஒரு துண்டின் எஸ்எச்ஏ-1 கைரேகையே அதன் முகவரி. எனவே ஒரே துண்டை எத்தனை முறை எழுதினாலும் ஒருமுறைதான் சேமிக்கப்படும்.

2009இல் விஎம்வேர் தனது விஸ்பியர் 4இல், வட்டின் எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் வசதியைத் தந்தது. அதன்பின் தினசரி நகலுக்காக முழு வட்டையும் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் பணிகளை ஒன்றாக்கும்போது இந்தக் குறிப்பு மட்டும் உதவாது. அது முந்தைய ஓட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. புதிய பணிக்கு முந்தைய ஓட்டமே கிடையாது! எனவே மறுபடியும் 1996க்குத்தான் போகவேண்டும். பழைய நகலைப் புதிய பணிக்கு அடையாளம் காட்டினால், இரு முனைகளும் தத்தம் வட்டுகளைப் படித்துக் கைரேகைகளை ஒப்பிடும். வட்டைப் படிக்க நேரமாகும்தான். ஆனால் இணைப்பில் போவது பெரும்பாலும் வித்தியாசம் மட்டுமே.

ஆகவே நண்பர்களே, பழைய பணியை நீக்கலாம்; அது சேர்த்துவைத்த நகலை மட்டும், புதிய பணி ஒருமுறை ஓடி முடியும்வரை தொடாதீர்கள்.