'இட்' எங்கே நிற்கிறது? ஆங்கிலத் தொடர்வினையில் மாற்றுப்பெயரின் இடம்

'சீ', 'த்ரூ', 'இட்': மூன்றே சொற்கள். 'சீ த்ரூ இட்' என்றால் ஒருவர் போடும் வேடத்தைக் கண்டுகொள்வது. பசப்பு பலிக்கவில்லை என்று பொருள். 'சீ இட் த்ரூ' என்றால் எடுத்த காரியத்தைக் கடைசிவரை நின்று முடிப்பது. சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'இட்' ஓரிடம் தள்ளி நின்றது, அவ்வளவுதான். 'கெட் ஓவர் இட்' என்பது துயரத்திலிருந்து மீள்வது. 'கெட் இட் ஓவர்' என்பதோ பிடிக்காத வேலையைச் சட்டுப்புட்டென்று முடித்துத் தொலைப்பது.

நம் கையிலிருக்கும் ஆங்கில இலக்கணக் கையேடுகள் இதை இரண்டாகப் பிரித்து இரண்டு மூலைகளில் வைத்திருக்கின்றன. ஒரு மூலையில் தொடர்வினைகளின் நீண்ட பட்டியல், பொருளோடு மனப்பாடம் செய்ய. இன்னொரு மூலையில் ஒற்றை வரி விதி: செயப்படுபொருள் மாற்றுப்பெயராக இருந்தால் நடுவில் போடு. அந்த ஒற்றை வரி பட்டியலின் பின்னிணைப்பு அல்ல, பட்டியலைத் தாங்கும் எலும்பு என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த விதி சொல்லப்படும் விதமும் தலைகீழானது என்பதையும் இங்கே காட்ட முயல்கிறேன்.

தொடர்வினைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை அச்சேற்றியவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925இல் வந்த தம் நூலில், இப்பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறிக்கிறார். பெயர் புதிது, பொருள் பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிறுசொற்கள் அயல்மொழியாரைப் பெரிதும் திணறடிப்பவை என்று கண்டு, அவற்றைத் தேடிச் சேர்த்ததையும் சொல்லியிருக்கிறார். பட்டியலிடும் பழக்கத்துக்கு மூலவர் அவர் என்றுகூடச் சொல்லலாம். அகராதிக்காரருக்கு அது அழகு. இலக்கண ஆசிரியருக்கு அது போதாது.

'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'ஓவர்' போன்ற இச்சிறுசொற்கள் வினையடையா, முன்னுருபா? மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இல் இந்தக் கேள்வியையே ஒதுக்கினார். சில வினைகள் செயப்படுபொருள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அதற்காக அவற்றை இரண்டு சொல்வகையாக யாரும் பிரிப்பதில்லை. இவற்றை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்றார். 1970களில் ஜோசப் எமண்ட்ஸ் ஆக்கமுறை இலக்கணத்தின் வழியாக அதே முடிவுக்கு வந்தார். சொல்வகை ஒன்றே என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தொடருக்குள் அந்தச் சொல் யாரோடு உறவு வைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மாற்றுப்பெயரைவிட நம்பகமான சாட்சி இல்லை.

பழகிய ஓர் இணையை எடுத்துக்கொள்வோம்: 'ரன் அப் எ ஹில்', 'ரன் அப் எ பில்'. முன்னது குன்றில் ஓடி ஏறுவது; பின்னது கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போவது. எழுத்தில் பார்த்தால் ஒரே அச்சு. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு 'இட்' போட்டதும் இரட்டையர் பிரிகின்றனர். குன்றென்றால் 'ரன் அப் இட்', கடனென்றால் 'ரன் இட் அப்'. குன்றின் 'அப்' குன்றுக்குச் சொந்தம். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நிற்பதுபோல் அது பெயருக்கு முன்னால் நிற்கிறது. கடனின் 'அப்' வினைக்குச் சொந்தம். தொகை எங்கே போய் முடிந்தது என்று அது சொல்கிறது. காதும் இதற்குச் சாட்சி. 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். 'லுக் இட் அப்' என்பதில் 'அப்' அழுத்தம் பெற்று ஒலிக்கும்.

இனி விதிக்கு வருவோம். 'பிக் அப் த புக்', 'பிக் த புக் அப்' இரண்டும் சரி. 'பிக் இட் அப்' சரி, 'பிக் அப் இட்' தவறு. மாற்றுப்பெயர் என்ற சொல்வகைக்கு விதிக்கப்பட்ட தடையாகவே கையேடுகள் இதைச் சொல்கின்றன. அப்படியானால் பின்வரும் வழக்கை என்ன செய்வது? ரயில் நிலையத்தில் இருவர் காத்திருக்கிறார்கள். கார் ஓட்டிப்போனவர் தவறான ஆளை ஏற்றிவந்துவிட்டார். அனுப்பியவர் சினந்து, 'பிக் அப் ஹெர், நாட் ஹிம்' என்று சொல்லியிருந்தேனே என்கிறார். 'ஹெர்' மாற்றுப்பெயர்தான். ஆனாலும் 'அப்' தாண்டி வந்து நிற்கிறது, யாரும் பிழை என்று சொல்வதில்லை. அழுத்தம் விழுந்ததும் தடை விலகிவிட்டது. ட்வைட் பாலிங்கர் 1971இல் வெளியிட்ட நூலின் பெரும்பலம் இதுபோன்ற நுட்பங்களுக்குக் காது கொடுத்ததுதான். செய்தி புதிதென்றால் கடைசியில் வரும், தெரிந்ததென்றால் உள்ளே ஒதுங்கும். நீளமான உறுப்பு பின்னால் போகும் என்று 1909இல் ஓட்டோ பெஹாகெல் கண்டதும் இதோடு சேரும். ஸ்டெஃபான் கிரீஸ் 2003இல் நீளம், புதுமை முதலிய பல காரணிகளையும் ஒரே தராசில் ஏற்றிப் பார்த்தார்.

இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 'லிவ் இட் அப்' என்றால் ஆடிப்பாடி அனுபவிப்பது. 'ஃபைட் இட் அவுட்' என்றால் இரண்டில் ஒன்று தெரியும்வரை மோதுவது. இவற்றில் 'இட்' எதைச் சுட்டுகிறது? எதையும் இல்லை. வெறும் கூடு. 'ஹெர்' போல அழுத்தம் கொடுத்து இதை வெளியே கொண்டுவர முடியுமா என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், முடியாது. பொருளே இல்லாததை எதனோடு முரணாக நிறுத்தி அழுத்துவது? சொல்வகைதான் காரணம் என்றால் 'ஹெர்' வெளியே வந்திருக்கக் கூடாது. வெறுமைதான் காரணம் என்றால் 'ஹெர்' வரலாம், கூடான 'இட்' ஒருபோதும் வர முடியாது. நடப்பது இரண்டாவதுதான்.

ஆகவே விதியைத் திருப்பி எழுத வேண்டும். மாற்றுப்பெயர் உள்ளே போவதில்லை. கனமுள்ள பெயருக்கு வெளியே வர அனுமதி இருக்கிறது. ஜெர்மன் மொழியின் முதன்மைத் தொடரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 'இஷ் கேப எஸ் ஔஃப்' என்பது சொல்லுக்குச் சொல் ஆங்கில 'ஐ கிவ் இட் அப்'. அங்கே முழுப் பெயர்ச்சொல்லும் 'ஔஃப்' என்பதற்கு முன்னால்தான் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர் வெளியேறும் வழக்கம் நேற்று வந்ததல்ல. பீட்டர்பரோ மடத்து வரலாற்றுக் குறிப்பேட்டில் 1137ஆம் ஆண்டுப் பதிவில், சிறையிடப்பட்ட ஆயர்கள் தங்கள் கோட்டைகளை ஒப்படைத்த செய்தி வருகிறது. அங்கேயே 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம் காணப்படுகிறது. கோட்டைகள் 'அப்' தாண்டித்தான் நிற்கின்றன.

பெயருக்குச் சொந்தமான சிறுசொல், வினைக்குச் சொந்தமான சிறுசொல் என்ற எல்லைகள் என்றைக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் ஒருவர்மேல் ஏறியதை 'ரன் ஓவர் ஹிம்' என்றும் சொல்வார்கள், 'ரன் ஹிம் ஓவர்' என்றும் சொல்வார்கள். முன்னதில் கார் அவர்மேல் ஓடியது. பின்னதில் அவர் வீழ்ந்தது பேச்சு. ஒரு முன்னுருபு மெல்ல வினைப்பக்கம் சாய்வதை இங்கே நேரில் பார்க்கிறோம்.

தமிழ் மாணவர் 'பிக் அப் இட்' என்று ஏன் எழுதுகிறார்? கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது எளிது. நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். 'எடுத்துவிடு' என்பதை ஒரே வினையாகப் பழகியவர் அவர். 'எடுத்தேவிட்டான்', 'எடுத்தும்விட்டான்' என்று ஏகார உம்மைகள் நுழையலாமே தவிர, நடுவில் 'அதை' வர இடமில்லை. 'பிக் அப்' என்பதையும் அவர் அப்படி இறுகக் கட்டிவிடுகிறார். ஆனால் இரு மொழிக்கும் ஓர் உறவும் உண்டு. 'ஈட் இட் அப்', 'அதைச் சாப்பிட்டுவிடு': இரண்டிலும் தெரிந்த பொருள் முன்னே, முற்றுப்பெறவைக்கும் சொல் கடைசியில். ஒப்புமையை மிகையாக்கவும் கூடாது. 'விடு' காலம் காட்டும், ஏறக்குறைய எந்த வினையோடும் சேரும். 'அப்' காலம் காட்டாது, தனக்குப் பிடித்த வினைகளோடு மட்டுமே சேரும். தூங்கிவிட்டான் என்பதை 'ஸ்லெப்ட் அப்' என்று சொல்ல முடியாது.

ஹீப்ரு பேசும் மாணவர்கள் தொடர்வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளை நாடுவதை டகூட்டும் லாஃபரும் 1985இல் எழுதினர். தாய்மொழியில் இவ்வமைப்பு இல்லாமையே காரணம் என்றனர். 1989இல் ஹுல்ஸ்டைனும் மார்செனாவும், இவ்வமைப்பு தம் மொழியிலேயே உள்ள டச்சு மாணவர்களும் மரபுப்பொருள் கொண்ட சிலவற்றைத் தவிர்ப்பதைக் காட்டினர்.

இந்தியாவிலோ தவிர்ப்பது மட்டுமல்ல, கூட்டுவதும் நடக்கிறது. 'கோப் வித்' என்பது நம் அலுவலகக் கடிதங்களில் 'கோப் அப் வித்' ஆகிவிடுகிறது. சமாளித்துவிடுவதில் உள்ள 'விடு' ஆங்கிலத்தில் எங்கோ இருந்தாக வேண்டும் என்று மனம் தேடி, 'அப்' என்பதில் அதைக் கண்டுகொள்கிறது என்று தோன்றுகிறது. மாற்றுப்பெயரைப் போட்டுச் சோதித்தாலும் இந்தப் பிழை அகப்படாது. 'கோப் அப் வித் இட்' என்னும்போது 'இட்' தன் உரிய இடமான 'வித்' என்பதற்குப் பின்னால்தான் நிற்கிறது. 'அப்' அதன் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.