வெள்ளைப் புகையின் பூர்வீகம்

மார்கழி பிறந்துவிட்டால் என் பட்டறை போனுக்கு ஓய்வு கிடையாது. "அண்ணே, செல்ஃப் நல்லா எடுக்குது, வண்டிதான் பத்த மாட்டேங்குது" என்பார்கள். ஊட்டி, கேத்திப் பக்கம் கேரட்டும் உருளையும் போடுகிறவர்கள். படிப்படியாக இறங்கும் வயலில் பெரிய டிராக்டரைத் திருப்ப முடியாது என்று மினி டிராக்டர் வாங்கியவர்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "புகை வருதா? என்ன கலரு?" புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை, டேங்க், ஃபில்டர், ஏர் லாக் என்று போகலாம். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கச் சூடு போதவில்லை. அந்தச் சூட்டை எப்படிக் கொண்டுவருவது என்று ஆட்கள் மண்டையைப் போட்டு உடைத்த கதை நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. தெரிந்து வைத்திருந்தால் பாதி ரிப்பேர் வண்டியைப் பார்க்காமலே புரிந்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அந்தச் சூடுதான் முதல். ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான். ஆனால் அவருடைய எஞ்சின் டீசலைத் தெளிக்கவே தனியாகக் காற்றழுத்த இயந்திரம் கேட்டது. ஆலைக்குச் சரி, வயலுக்கு ஆகாது.

வயலுக்கான வழி அதே ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்திலிருந்து வந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, லான்ஸ் கம்பெனியில் ஃபிரிட்ஸ் ஹூபர் 1921-இல் கொண்டுவந்த புல்டாக் டிராக்டர். ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைத்திறன். கறாராகச் சொன்னால் அது டீசல் எஞ்சினே அல்ல. சிலிண்டர் தலையில் இருக்கும் இரும்புக் குமிழை ஊது விளக்கு வைத்துக் காய்ச்ச வேண்டும். குமிழ் பழுத்த பிறகுதான் எண்ணெய் பற்றும். இங்கிலாந்தில் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-களிலேயே செய்து காட்டிய முறை இது. பிந்தைய புல்டாக் மாடல்களில் ஸ்டியரிங் சக்கரத்தைத் தண்டோடு உருவி, ஃப்ளைவீல் பக்கம் செருகி, முன்னும் பின்னும் ஆட்டிக் கிளப்புவார்கள். ஆட்டம் பிசகினால் எஞ்சின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கும். முன்னோக்கிக் கியர் போட்டால் வண்டி பின்னால் போகும். காலங்காத்தால அந்த வண்டியைக் கிளப்பிய ஆளுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்பட்டிருக்காது. ஒன்று மட்டும் நிச்சயம்: சூடு இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குக் கண்ணால் தெரிந்தது.

இன்னொன்று அதே ஊரில் பென்ஸ் கம்பெனியில் பிறந்தது. புராஸ்பர் லொரான்ஜ் என்ற பொறியாளர் 1909-இல் முன்னறைக்குக் காப்புரிமை வாங்கினார். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்காமல் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குள் அடித்து, அங்கே பாதி எரியவிட்டு, அந்த வேகத்திலேயே சிலிண்டருக்குள் தள்ளும் ஏற்பாடு. காற்றழுத்த இயந்திரம் தேவையில்லாமல் போயிற்று. எஞ்சின் சிறிதாகியது, சத்தமும் குறைந்தது. 1920-களில் பென்ஸ்-செண்ட்லிங் டிராக்டரில் இந்த எஞ்சின் ஏறியது.

வினையும் அங்கேயே ஆரம்பம். சின்ன அறை என்றால் காற்று கொஞ்சம், சுற்றிலும் இரும்பு அதிகம். அழுத்தத்தில் பிறந்த சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்த அறைக்குள் ஒரு ஹீட்டர் பிளக்கை வைத்துப் பழுக்கக் காய்ச்ச வேண்டி வந்தது. கேத்தியில் வருகிற வெள்ளைப் புகைக்குப் பூர்வீகம் மான்ஹைம் என்றால் மிகையில்லை.

எல்லோரும் மின்சாரத்தை நம்பிவிடவில்லை. இங்கிலாந்தில் மார்ஷல் கம்பெனி 1945-இலிருந்து விற்ற ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரில், வெடியுப்பு ஏற்றிய காகிதத்தைச் சுருட்டி, கனியவிட்டு, சிலிண்டர் தலையில் திருகி மூட வேண்டும். சுற்றக் கை வலுவில்லையா, தோட்டாவைப் போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு. பேட்டரி இல்லாத வண்டிக்கு அது நல்ல யோசனை என்றே நான் சொல்வேன்.

சின்ன வண்டிக்குச் சின்ன டீசல் எஞ்சின் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஜப்பான்காரர் யமாவோகா மகோகிச்சி, யான்மார் கம்பெனியின் நிறுவனர். 1932-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் டீசல் எஞ்சினைப் பார்த்துவிட்டுப் போனவர், 1933 டிசம்பரில் விற்கத்தக்க சிறிய டீசல் எஞ்சினை முடித்துவிட்டார். போருக்குப் பின் ஜப்பானில் துண்டுத் துண்டு நிலத்துக்கு டில்லரும் குட்டி டிராக்டரும் வந்தன. குபோட்டாவின் முதல் டிராக்டர் 1960-இல். நம் பக்கம் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி., மிட்சுபிஷி கூட்டோடு முதலில் டில்லரும் பிறகு மினி டிராக்டரும் கொண்டுவந்தது.

பழைய ஜப்பான் வண்டிகளின் டாஷ்போர்டில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் ஒன்று உண்டு. ஒரு ஓட்டை, அதற்குள் சுருள் கம்பி. சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் பிடித்தால், பிளக்குகளுக்குப் போகும் கரண்ட் முழுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான் போகும். கம்பி சிவந்தால் உள்ளே பிளக்கும் சிவந்தாயிற்று, செல்ஃப் அடிக்கலாம். வழக்கத்தைவிட மெதுவாக, மங்கலாகச் சிவந்தால் ஏதோ ஒரு பிளக் படுத்துவிட்டது. சட்டென்று பளிச்சிட்டால் எங்கோ ஷார்ட். மீட்டர் பிடிக்கத் தெரியாத விவசாயிக்கும் வண்டியே சொல்லிவிடும்.

அதற்கும் முந்திய தலைமுறையில் பிளக்குகள் தொடராக இணைந்திருந்தன. ஒன்று போனால் எல்லாமே போச்சு, சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி வழி கொடுத்தார்கள். முன்னேற்றம்தான், ஆனால் வியாதி ஒளிந்துகொண்டது. மூன்று சிலிண்டரில் ஒரு பிளக் செத்தால் மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டு வண்டி எப்படியோ கிளம்பும். அரை நிமிஷம் தடதடவென்று குலுங்கி, வெள்ளையாகக் கக்கி, பிறகு சரியாகிவிடும். ஐப்பசியில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உறைபனி விழும் அன்றைக்குத்தான் போன் வரும்.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் அந்தச் சுருள் கம்பியும் இல்லை. ஒரு மஞ்சள் விளக்கு, அதற்கு ஒரு டைமர். பிளக் உயிரோடு இருந்தாலும் செத்தாலும் விளக்கு குறித்த நேரம் எரிந்து அணையும். ஓட்டை போட்ட டாஷ்போர்டை எடுத்துவிட்டு இதை வைத்தவர்களை நான் மெச்சமாட்டேன்.

பொறுமையில்லாதவர்கள் ஈத்தர் ஸ்பிரே வாங்கி ஏர் கிளீனர் வாயில் அடிக்கிறார்கள். பழுத்த பிளக் இருக்கும் எஞ்சினுக்குள் ஈத்தர் போனால் பிஸ்டன் மேலே வந்து முடிக்கும் முன்பே வெடிக்கும்; ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனே. உடைந்து வந்த பிஸ்டன் ஒன்றை இதற்காகவே மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளைப் புகை என்றால் முதலில் பேட்டரி. குளிரில் அதன் பலம் குறையும், ஆயிலும் கெட்டிப்படும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் கசிந்து, பிறந்த சூடும் இரும்பில் இறங்கிவிடும். அது சரியென்றால் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ஒவ்வொரு பிளக் தலையிலும். பல்பு எரியாத பிளக்கை மாற்றுங்கள். மூன்றிலும் எரிந்தால் ரிலேயிலிருந்து பட்டைக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். அதுவும் வந்தால் மிச்சமிருப்பது நாசிலும் கம்ப்ரஷனும். அது போனில் பார்க்கிற வேலை இல்லை, வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துவர வேண்டியதுதான்.