கட்டடத்தைச் சட்டம் காக்கும். தமிழ்ப் பூசையை யார் காப்பது?

செமோர், ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரக் கத்தோலிக்கத் தமிழர்கள் இன்று பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1955-ஆம் ஆண்டுக்கு முன் நிலைமை வேறு. பேராக், பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர், சிங்கப்பூர் எல்லாமே மலாக்கா மறைமாவட்டம் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன. 1888-இல் அந்த மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டபோது அதன் முதல் ஆயர் எட்வர்ட் கஸ்னியே சிங்கப்பூரில் தங்கியிருந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் அங்கே ஓஃபிர் சாலையில் தமிழர்களுக்கென்று ஓர் ஆலயம் திறக்கப்பட்டது. அதுவே லூர்து மாதா ஆலயம்.

அதற்கு முன் அங்குள்ள தமிழர்கள் குவீன் ஸ்திரீட்டில் இருந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனர்களோடு சேர்ந்து வழிபட்டார்கள். தனி ஆலயம் ஏன் தேவைப்பட்டது?

அக்காலத்தில் அங்கே பூசை லத்தீன் மொழியில்தான் நடந்தது. தமிழருக்கும் புரியாது, சீனருக்கும் புரியாது! ஆனால் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், ஞானோபதேசம், ஜெபமாலை ஆகியவை தாய்மொழியில் நடந்தாக வேண்டும். மனத்தில் உள்ள பாரத்தை அந்நிய மொழியில் இறக்கி வைக்க முடியுமா?

இதற்குக் கைகொடுத்தவர்கள் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர். 1776-இல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்ற அதே சபைதான் மலாயாவிலும் பணியாற்றியது. தமிழர்களுக்கென அமர்த்தப்பட்ட பிரெஞ்சுக் குருவானவர் மெனுவ்ரியே முன்னின்றார். 1886-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரான்சின் லூர்து பேராலயத்தின் சாயலில், கூர்முனை வளைவுகளோடு கோதிக் பாணியில் ஆலயம் எழுந்தது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிலைமையை மாற்றியது. பூசையே தமிழில் நடக்க வழி பிறந்தது. தமிழ்ப் பூசைக்குத் தனி ஆலயம் வேண்டும் என்ற கட்டாயம் போனது. எந்தப் பங்கிலும் தமிழுக்கு ஒரு நேரம் ஒதுக்கலாம். இது வெற்றிதான். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தனி ஆலயம் என்றால் நாள் முழுதும் தமிழ். ஒதுக்கிய நேரம் என்றால் ஆள் வந்தால்தான் தமிழ்.

பேராக் தமிழர்களுக்கு இது புரியாத கதையல்ல. தோட்டத்தில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்ட நிலம் கம்பெனியின் சொத்து. அது கைமாறியபோது அதில் இருந்த வழிபாட்டிடத்தின் கதியும் கேள்விக்குறியானது. பட்டணத்துப் பங்குகளிலோ மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று பல மொழிகள் ஒரே பீடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

2005-இல் சிங்கப்பூர் அரசு லூர்து மாதா ஆலயத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. இனி அந்தச் சுவர்களை யாரும் எளிதில் இடித்துவிட முடியாது. ஆனால் சட்டம் காப்பது செங்கல்லையும் சுண்ணாம்பையும்தான். பிள்ளைகள் தமிழில் வாசகம் படிப்பதற்கும் பாடல் குழுவில் நிற்பதற்கும் எந்த அரசும் அரசிதழில் உத்தரவிட முடியாது.

அன்று ஓர் ஆலயம் எழுப்பும் அளவுக்கு முன்னோர்க்குத் தமிழ் தேவைப்பட்டது. இன்று கேட்கப்படுவது ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் மட்டுமே. அதையாவது பிள்ளைகளோடு வந்து நிரப்ப வேண்டாமா?