பழங்கற்படி: சோழர் காலத்து பேக்கப்

வீட்டு கம்ப்யூட்டரைப் பத்திரமா வச்சுக்கிறது எப்படி? இதுதான் இன்னைக்கு டாபிக். ஆன்டிவைரஸ் பேச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, திருவிடைமருதூர் தாலுகாவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுவோம்.

அங்க திருக்கோடிக்காவல்னு ஒரு ஊர் இருக்கு. 10ஆம் நூற்றாண்டுல, கண்டராதித்த சோழரோட அரசி செம்பியன் மாதேவி அந்த ஊர் சிவன் கோயிலைக் கற்றளியா எடுத்துக் கட்டினாங்க. பழைய கற்கள்ல பல்லவர், பாண்டியர் காலத்துப் பதிவுகள் இருந்துச்சு. கோயில் விளக்குக்கு யார் எவ்வளவு பொன் கொடுத்தாங்கங்கிற மாதிரியான கணக்கு. கல்லு போச்சுன்னா கணக்கும் போச்சு. அப்புறம் விளக்குக்கு நெய் கேட்டு யார்கிட்ட போய் நிக்கிறது? அதனால அந்தப் பதிவுகளைப் புதுச் சுவர்ல மறுபடியும் வெட்டினாங்க. அதை மூலம்னு காட்டிக்கவும் இல்ல. 'பழங்கற்படி', அதாவது பழைய கல்லைப் பார்த்து எடுத்த நகல்னு அதுலயே குறிச்சு வச்சாங்க.

இன்னொரு கேஸ், கொள்ளிடத்து வடகரையில இருக்கிற திருமழபாடி. முதலாம் ராஜராஜனோட 28ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1013. கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டணும். அதுக்கு முன்னாடி கல்வெட்டுகளை ஏட்டுல படி எடுத்துடணும்னு அரசன் உத்தரவு போடுறான். 1014ல ராஜராஜன் காலமாயிடுறான். ராஜேந்திரனோட 14ஆம் ஆட்சியாண்டுல, சுமார் 1026ல, ஏட்டுல இருந்தது மறுபடி கல்லுல ஏறுது. நம்ம பாஷையில சொன்னா, முதல்ல பேக்கப், 13 வருஷம் கழிச்சு ரீஸ்டோர்.

இதுல நமக்கு மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, கல்லையே அவங்க முழுசா நம்பல. நம்ம ஹார்ட் டிஸ்க் சுத்துற தட்டு, தேயும். எஸ்எஸ்டி சில நேரம் எந்த அறிகுறியும் காட்டாமலே நின்னுடும். கரண்ட் அடிக்கடி போற ஊர்ல யுபிஎஸ் ஆடம்பரம் இல்ல.

ரெண்டு, படி மூலத்தை விட்டுத் தனியா இருக்கணும். 2017 மே மாசம் வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவுச்சு. அதைத் தடுக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே கொடுத்தாச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. கம்ப்யூட்டர்லயே செருகி வச்ச டிரைவையும் ரான்சம்வேர் பூட்டிடும். அதனால காப்பி எடுத்ததும் கழட்டி வைங்க. இன்னொரு காப்பி வீட்டுக்கு வெளிய இருக்கட்டும்.

மூணாவதுதான் முக்கியம். திருமழபாடியில உத்தரவு போட்டவன் போன பிறகும் அந்தப் படி பயன்பட்டுச்சு. எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க, படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தாங்க. உங்க வீட்டுப் பத்திரம், அப்பா அம்மா கல்யாண போட்டோ எல்லாம் இருக்கிற டிரைவோட பாஸ்வேர்ட் உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும்னா, அது பாதி பேக்கப்தான். நம்பிக்கையான ஒருத்தருக்காவது அதைத் திறக்க ஒரு வழி வேணும்.

இந்த வார வேலை சின்னதுதான். உங்க பேக்கப்ல இருந்து ஒரு பழைய ஃபைலைத் திறந்து பாருங்க. உங்க முன்னாடியே வீட்ல இன்னொருத்தரையும் திறக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.