மறைமாவட்டக் குருக்களின் பராமரிப்பு

மறைமாவட்டக் குருக்களின் பராமரிப்பு என்பது, கத்தோலிக்க திருச்சபையில் ஒரு குருவின் பயிற்சி, பணி, நோய், முதுமை ஆகிய காலங்களில் அவருக்கு வேண்டிய உணவு, உறைவிடம், மருத்துவம், உதவித்தொகை முதலியவற்றை வழங்கும் ஏற்பாடு ஆகும். இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த குருக்கள் பொதுவாக மணம் புரிவதில்லை. ஆதலால் முதுமையில் மனைவி மக்களின் துணை அவர்களுக்கு இல்லை. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இப்பராமரிப்பை ஆயரின் கடமையாக வரையறுக்கிறது.

இருவகைக் குருக்கள்

இயேசு சபையினர், சலேசியர் போன்ற துறவற சபைக் குருக்கள் வறுமை வாக்கு எடுத்தவர்கள். அவர்கள் உழைத்து ஈட்டுவது சபையையே சேரும். ஓய்வூதியமும் பொதுவாக அவ்வாறே (சட்ட எண் 668). சபை அவர்களை இறுதிவரை பேணுகிறது. மறைமாவட்டக் குரு வறுமை வாக்கு எடுப்பதில்லை. சொந்தமாகப் பொருள் வைத்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் பங்கு இல்லத்தில் தனியாகவோ ஓரிரு குருக்களுடனோ வாழ்கிறார். பணி முடிந்ததும் அவ்வில்லத்தை விட்டு நீங்க வேண்டும்.

ஒருவர் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்படும்போது ஒரு மறைமாவட்டத்துடன் சட்டப்படி இணைக்கப்படுகிறார் (266). வேறு மறைமாவட்டத்திலிருந்து வரும் குருவை ஆயர் இணைத்துக்கொள்வதற்கு முன், அவரது வாழ்க்கைக்குத் தக்க வழி உள்ளதா என்பதையும் கருத வேண்டும் (269). பராமரிப்புக் கடமை இவ்விணைப்பிலிருந்தே தோன்றுகிறது.

வரலாறு

ஐரோப்பாவில் குருக்கள் நெடுங்காலம் கோயில் மானியங்களின் வருவாயைக் கொண்டு வாழ்ந்தனர். திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப் பணித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல், மானிய முறையைக் கைவிடுமாறு அல்லது சீர்திருத்துமாறு கேட்டுக்கொண்டது. நோய்க்கும் முதுமைக்கும் பொது நிதி அமைக்கவும் அது வலியுறுத்தியது.

இந்தியக் குருக்களைப் பயிற்றுவிக்கத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893 இல் இலங்கையின் கண்டியில் ஒரு குருமடத்தை நிறுவினார். அது 1955 இல் புனே நகருக்கு மாற்றப்பட்டது. மறைபரப்பு நாடுகளின் குருமாணவர்களுக்கு உதவ, 1889 இல் பிரான்சின் கான் நகரில் ஸ்தெபானி பிகார், அவர் மகள் ழான் பிகார் ஆகியோர் திருத்தூதர் புனித பேதுரு சங்கத்தைத் தொடங்கினர்.

தமிழ்நாட்டில், திருத்தணியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் பூவிருந்தவல்லியில் உள்ள திரு இருதயக் குருத்துவக் கல்லூரி 1936 இல் சென்னைப் பேராயர் லூயி மத்தியாசு காலத்தில் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் புனித பவுல் குருத்துவக் கல்லூரி உள்ளது.

பயிற்சிக் காலம்

மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு ஆண்டுகள் கற்க வேண்டும் (250). இவற்றுடன் முன்தயாரிப்பு, கல்லூரிப் பட்டம், களப்பணி ஆகியவையும் சேர்வதால் தமிழ்நாட்டில் பயிற்சி பெரும்பாலும் பத்தாண்டுகளைத் தாண்டுகிறது. குரு ஆவதற்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும் (1031). குருமடத்தின் பராமரிப்பு, மாணவர் செலவு, பேராசிரியர் ஊதியம் ஆகியவற்றுக்கு ஆயர் பொறுப்பாவார் (263). இதற்காக மறைமாவட்டத்தில் வரி விதிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு (264).

பணிக்காலம்

குருவின் பணிக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ற ஊதியம் அளிக்கப்பட வேண்டும். நோய், இயலாமை, முதுமை ஆகியவற்றுக்கும் ஏற்பாடு வேண்டும் (281). குரு ஒரு நாளில் பல திருப்பலிகள் நிறைவேற்றினாலும் ஒரு திருப்பலிக் காணிக்கையை மட்டுமே தமக்கு வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்து பிறப்புவிழா இதற்கு விலக்கு (951). செல்வப் பங்குக்கும் ஏழைச் சிற்றூர்ப் பங்குக்கும் வருவாயில் பெரும் வேறுபாடு உண்டு. இதனால் குருவின் வாழ்வு அவர் அனுப்பப்படும் ஊரைப் பொறுத்து அமைந்துவிடலாம். மறைமாவட்டம் முழுமைக்குமான குருக்கள் பராமரிப்பு நிதியைச் சட்டம் வேண்டுவது (1274) இக்குறையைக் களைய உதவுகிறது.

தண்டனை பெற்ற குருவுக்கும் வாழ்க்கைக்குத் தேவையானவை குறையக்கூடாது. குருநிலையிலிருந்து நீக்கப்பட்டவர் உண்மையிலேயே வறியவராயின், இயன்ற வழியில் அவருக்கு உதவுமாறும் ஆயர் பணிக்கப்படுகிறார் (1350).

ஓய்வு

பங்குத்தந்தை 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் அளிக்குமாறு கேட்கப்படுகிறார். அதை ஏற்பதா, தள்ளிவைப்பதா என்பதை ஆயர் முடிவு செய்வார். விலகியவருக்குத் தக்க பராமரிப்பும் உறைவிடமும் ஆயர் அளிக்க வேண்டும் (538). மறைமாவட்டங்கள் பல ஓய்வுபெற்ற குருக்களுக்கென இல்லங்களை நடத்துகின்றன. அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தவர்கள் தவிர, பங்குப்பணி மட்டும் ஆற்றியோருக்குப் பொதுவாக அரசு ஓய்வூதியம் இல்லை. எனவே அவர்களின் முதுமை, மறைமாவட்ட நிதியின் வலிமையையே நம்பியுள்ளது.

வருமான வரி வழக்கு

அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் துறவறக் குருக்கள், அருட்சகோதரிகள் ஆகியோரின் ஊதியம் சபையைச் சேர்வதால், அதில் வரி பிடிக்கக்கூடாது என வாதிடப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 இல் வரி பிடிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இவற்றையும் பார்க்க

குருமடம்
திருநிலைப்பாடு
மறைமாவட்டம்
திருச்சபைச் சட்டத் தொகுப்பு