நாற்பத்தெட்டு மணி நேரம்

விஸ்டன் கிரிக்கெட் ஆண்டுநூலின் 1956 பதிப்பில், மறைந்தவர்களுக்கான பக்கங்களில் லெஸ்லி ஹில்டனுக்கு ஒரு சிறு குறிப்பு உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர், 1935 முதல் 1939 வரை 6 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர், 1955 மே 17 அன்று ஜமைக்காவில் இறந்தார். எப்படி இறந்தார் என்பது அக்குறிப்பில் இல்லை. அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். முந்தைய ஆண்டு தன் மனைவியைச் சுட்டுக் கொன்றதற்கான தண்டனை அது. கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டெஸ்ட் வீரர் அவர் ஒருவர்தான். அந்நாட்களில் ஆஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. கேட்ச்சைத் தவறவிட்ட மேற்கிந்திய வீரர் ஜான் ஹோல்ட்டைத் தூக்கிலிட்டு ஹில்டனைக் காப்பாற்றுங்கள் என்று பார்வையாளர்கள் பதாகை பிடித்தார்கள். கொல்லப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பதாகையிலும் இடமில்லை, ஆண்டுநூலிலும் இடமில்லை.

ஆவணம் படிப்பவர்கள் முதலில் பழகிக்கொள்வது, ஏட்டில் எழுதியிருப்பதோடு எழுதாமல் விட்டதையும் குறித்துக்கொள்வது. அந்தப் பழக்கத்தோடு இந்தியக் கிரிக்கெட்டின் அண்மைக்கால ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். என் கேள்வி ஒன்றுதான்: ஒரு வீரர் தன்னை அடித்தார் என்று அவர் மனைவி புகார் கொடுத்தால், அந்த வீரருக்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்பு என்ன செய்கிறது, அதைச் செய்ய அதற்கு எந்த விதி இடம் தருகிறது?

கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இது தொலைவான விஷயமல்ல. மலையிறங்கி வத்தலக்குண்டு, திண்டுக்கல் தாண்டினால் நத்தம் சாலையில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-இல் கோப்பையை வென்றது. அந்த லீக்கை நடத்தும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பு. ஆகவே தேடலை வாரியத்தின் தாள்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் தாள், 2018 மார்ச் 7 அன்று வெளியான மத்திய ஒப்பந்தப் பட்டியல். மத்திய ஒப்பந்தம் என்பது, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓராண்டுக்கு இவ்வளவு என்று வாரியம் வீரருக்கு உறுதி செய்யும் தொகை. ஏ பிளஸ் தரத்துக்கு 7 கோடி ரூபாய், ஏ-வுக்கு 5 கோடி, பி-க்கு 3 கோடி, சி-க்கு 1 கோடி. 26 வீரர்கள் கொண்ட அப்பட்டியலில் முகமது ஷமியின் பெயர் இல்லை. அவர் தன்னைத் துன்புறுத்தியதாக அவர் மனைவி வெளிப்படையாகக் குற்றம் சாட்டிய நேரம் அது. அதே வாரத்தில் கொல்கத்தா காவல்துறை வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டுகள் அனைத்தையும் ஷமி மறுத்தார், இன்றும் மறுக்கிறார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. இங்கே நான் எடைபோடுவது அவருடைய நடத்தையை அல்ல, வாரியத்தின் நடத்தையை.

இந்த ஒரு தாளோடு நிறுத்திவிட்டால், குடும்ப வன்முறைப் புகார் வந்ததும் வாரியம் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது என்று முடிவு கட்டத் தோன்றும். அடுத்த தாள் அந்த முடிவைக் கலைக்கிறது. அப்போது வாரியத்தை நடத்தியது உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் நியமித்த நிர்வாகிகள் குழு. அதன் தலைவர் வினோத் ராய் விசாரணையை ஒப்படைத்தது ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் நீரஜ் குமாரிடம். டெல்லியின் முன்னாள் காவல் ஆணையர் அவர். விசாரிக்கச் சொன்னது ஒன்றே ஒன்றை: மனைவியின் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே இருந்த, வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கினார் என்ற பகுதியை. மார்ச் 22 அன்று, ஊழல் தடுப்பு விதிகளின்படி மேல்நடவடிக்கை தேவையில்லை என்று குழு அறிவித்தது. ஷமிக்கு பி தரத்தில் ஒப்பந்தம் கிடைத்தது.

இரண்டு தாள்களுக்கும் இடையே 15 நாட்கள். அடி விழுந்ததா என்பது அந்த 15 நாட்களில் வாரியத்தின் கேள்வியாகவே ஆகவில்லை. பணம் பற்றிய பகுதிக்கு ஒரு முன்னாள் காவல் ஆணையர் கிடைத்தார். வீட்டுக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்டதைக் கேட்க யாரும் நியமிக்கப்படவில்லை.

ஏன்? கையில் விதி இல்லாததால் வாரியம் ஒதுங்கியிருக்கலாம் என்பதுதான் மனத்தில் எழும் முதல் விளக்கம். நேர்மையான விளக்கம்தான், ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்ற வாரியத்தின் அமைப்பு விதிகளில் 41-ஆவது விதி நடத்தை பற்றியது. வீரர் ஒருவர் தவறாக நடந்தார் என்று எந்தத் திசையிலிருந்து புகார் வந்தாலும், செய்தியாக வெளியானாலும், தானாகவே தெரியவந்தாலும், உயர்நிலைக் குழு 48 மணி நேரத்துக்குள் அதைத் தலைமைச் செயல் அலுவலரிடம் அனுப்ப வேண்டும். அவர் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு, 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். விசாரணை முடியும்வரை வீரரை இடைநிறுத்தவும் அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவரே வந்து கதவைத் தட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது.

கவனமான வாசகர் இங்கே குறுக்கிடுவார். ஷமி விவகாரம் மார்ச் மாதம், இந்த விதிகள் ஆகஸ்ட் மாதம். தேதி சரிதான். ஆனால் பழைய விதிநூலிலும் 32-ஆவது விதி இதே வேலையைச் செய்தது. 2010 ஏப்ரலில், ஐ.பி.எல். இறுதி ஆட்டம் முடிந்த கையோடு அந்த லீக்கின் அப்போதைய தலைவர் லலித் மோடியை இடைநீக்கம் செய்ய வாரியம் எடுத்த கருவி அதுதான். ஆக, கருவி இருந்தது, எடுத்துப் பழகியும் இருந்தது.

விதி 41 மைதானத்துக்குள் நடப்பதை மட்டுமே குறிக்கிறதோ என்ற ஐயம் மிஞ்சும். இதற்கு விதியின் வாசகத்தைவிட அது பயன்பட்ட விதம் தெளிவான சாட்சி. 2019 ஜனவரி 6 அன்று ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் பேசியது பெண்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு கிளம்பியது. ஜனவரி 11 அன்று, இதே 41-ஆவது விதியின் கீழ் இருவரும் இடைநிறுத்தப்பட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். 24-ஆம் தேதி இடைநிறுத்தம் விலக்கப்பட்டது. ஏப்ரலில் வாரியத்தின் குறைதீர்ப்பாளர், ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின், ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். மைதானம் இல்லை, ஆட்டம் இல்லை. சோபாவில் உட்கார்ந்து பேசிய பேச்சு. அதற்கு விதி ஐந்தே நாளில் எழுந்து வந்தது.

நிகழ்ச்சியை நாடே பார்த்தது, வாரியத்தின் பெயர் கெட்டது. வீட்டுக்குள் விழும் அடியை யாரும் பார்ப்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கை கண்காணிப்பது தன் பெயரையும் பணத்தையும்தான் என்ற முடிவுக்கு இந்தத் தேதிகள் என்னைத் தள்ளின. முடிவாக எழுதத் தயங்கினேன். மூன்றாவது விளக்கம் ஒன்று பாக்கி இருந்தது: கணவன் மனைவி விவகாரம், நீதிமன்றத்தில் இருக்கிறது, நாம் நடுவில் போகக்கூடாது என்று வாரியம் உண்மையாகவே ஒதுங்கியிருக்கலாம் அல்லவா?

2019 ஜூலையில் நடந்தது இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. காவல்துறைப் பதிவு இருப்பதால் ஷமிக்கு அமெரிக்கா முதலில் விசா மறுத்தது. வாரியத்தின் தலைமைச் செயல் அலுவலர் அவருடைய சாதனைகளை எடுத்துச் சொல்லித் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினார், விசா கிடைத்தது. தன்னிடம் வேலை செய்பவருக்காகக் கடிதம் எழுதுவது குற்றமல்ல, எந்த நிறுவனமும் செய்வதுதான். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு, நாங்கள் நடுவில் போகவில்லை என்று சொல்ல முடியாது. வழக்கு வாரியத்தின் மேசைக்கு வந்தது, வாரியம் பேனாவை எடுத்தது, ஒரு பக்கத்துக்காக எழுதியது.

வெளிநாட்டு லீக்குகளின் தாள்கள் நமக்கு வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ரே ரைஸ் தன் வருங்கால மனைவியை மின்தூக்கியில் அடித்தது 2014 பிப்ரவரியில். ஜூலையில் லீக் தந்த தண்டனை 2 ஆட்டத் தடை. எதிர்ப்பு வலுத்ததும், முதல் குற்றத்துக்கே 6 ஆட்டத் தடை என்று ஆகஸ்டில் விதி வந்தது. செப்டம்பர் 8 அன்று அடித்த காட்சியே வெளியானதும் காலவரையற்ற தடை. நவம்பரில் நடுவராக அமர்ந்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ், ஒரே செயலுக்கு இருமுறை தண்டித்திருக்கிறார்கள் என்று அந்தத் தடையை ரத்து செய்தார். தொடக்கத்தில் ஒழுங்காக விசாரிக்காத அமைப்புக்குப் பிறகு கோபப்படும் உரிமையும் இல்லாமல் போனது.

பேஸ்பால் லீக் 2015 ஆகஸ்டில் வீரர் சங்கத்தோடு சேர்ந்தே ஒரு கொள்கை எழுதியது. குற்றவியல் தீர்ப்புக்குக் காத்திராமல் லீக் தானே விசாரிக்கும், அதுவரை சம்பளத்தோடு சில நாட்கள் விலக்கி வைக்கும், வீரரை நிபுணர் குழு மதிப்பிடும். அதன்படி 2016 மார்ச்சில் அரோல்டிஸ் சாப்மனுக்கு 30 ஆட்டத் தடை. காவல்துறை அவர்மீது குற்றம் சுமத்தியிருக்கவில்லை. ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019-இல் இன்னும் கடுமையான வழியை எடுத்தது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்பட்டால் வீரர் தானாகவே விலக்கப்படுவார், முழுச் சம்பளம் உண்டு. பாலியல் வன்முறைக் குற்றம் சுமத்தப்பட்ட ஜாக் டி பெலின் அப்படி விலக்கப்பட்டார். நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. இரு விசாரணைகளிலும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வராததால், 2021 மே மாதம் வழக்கு கைவிடப்பட்டது. இரண்டு முழுப் பருவங்களுக்கு மேல் அவர் ஆடவில்லை. சம்பளம் திரும்பலாம், ஓர் ஆட்டக்காரரின் வயது திரும்பாது. எந்த விதியை முன்மொழிந்தாலும் இந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

பெண்ணின் பக்கமும் கணக்கு எளிதல்ல. தடை என்றால் வருமானம் நிற்கும், வருமானம் நின்றால் குழந்தையின் பள்ளிக் கட்டணம் நிற்கும். உன்னால்தான் அவன் ஆட்டம் போச்சு என்று இரு வீட்டாரும் அவளைத்தான் சொல்வார்கள். தண்டனை பெரிதாகப் பெரிதாக அவள் வாய் திறப்பது குறையும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வரி விளையாட்டு விதிநூல் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இல். அதன் 20-ஆவது பிரிவு பண நிவாரணம் பற்றியது. அதன் 6-ஆவது உட்பிரிவின்படி, கணவர் பணம் செலுத்தத் தவறினால், அவருக்குச் சம்பளம் கொடுப்பவரோ கடன்பட்டவரோ அதில் ஒரு பகுதியை நேராகப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். சம்பளம் தருபவரைச் சட்டம் பெயர் சொல்லி உள்ளே அழைக்கும் இடம் இது. படித்தபோது உண்மையாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு வயலில் நாள்கூலிக்குப் போகும் ஒருவரின் மனைவிக்கு இந்த உட்பிரிவால் பயன் குறைவு. அவருக்கு நிலையான முதலாளி இல்லை, சம்பளப் பதிவேடு இல்லை. அவள் 181-ஐ அழைத்து, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகி, உத்தரவு வாங்கிய பிறகும் பணம் கைக்கு வருவது தனிப் போராட்டம். லீக் வீரரின் நிலை நேர்மாறு. ஒப்பந்தம், தொகை, தவணைத் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. இந்தப் பிரிவு மிக எளிதாகச் செல்லக்கூடிய கணவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் அடுத்த சில பக்கங்களில் ஒரு தடை. 24-ஆவது பிரிவின்படி உத்தரவின் இலவச நகல் இரு தரப்புக்கும், காவல் நிலையத்துக்கும், உதவி செய்யும் சேவை அமைப்புக்கும் போகும். சம்பளம் தருபவர் அந்த வரிசையில் இல்லை. பணம் பிடிக்கச் சொல்லும் உத்தரவு வராதவரை லீக்கின் மேசைக்கு எதுவும் போகாது. கேட்டால், எங்களுக்குத் தெரியாதே என்று சொல்லலாம், அது பொய்யாகவும் இருக்காது.

காலத்தையும் பார்க்க வேண்டும். 12-ஆவது பிரிவின்படி மனுவை, முதல் விசாரணைத் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும். ஷமியின் மனைவி இதே பிரிவில் மனு போட்டது 2018-இல். அலிப்பூர் நீதிமன்றம் இடைக்கால ஜீவனாம்சமாக மாதம் 1.30 லட்சம் ரூபாய் நிர்ணயித்தது 2023 ஜனவரியில். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று அதை 4 லட்சமாக உயர்த்தியது: மனைவிக்கு 1.50 லட்சம், மகளுக்கு 2.50 லட்சம். மூல மனுவை ஆறு மாதத்தில் முடிக்கவும் சொன்னது. அப்போது அந்த மனுவுக்கு ஏழு வயது.

ஆகவே நான் கேட்பது, லீக்குகள் நீதிமன்றமாக மாற வேண்டும் என்பதல்ல. புகார் தெரிந்த 48 மணி நேரத்தில் விதி 41-இன் கடிகாரம் ஓடத் தொடங்கட்டும். விசாரிப்பவர் வாரியத்துக்கோ அணி உரிமையாளருக்கோ கட்டுப்படாத, குடும்ப வன்முறை வழக்குகளில் பழகிய ஒருவராக இருக்கட்டும். பெண் பேச விரும்பினால் மட்டும் அவரிடம் கேட்கட்டும், அவர் பெயர் வெளியே போக வேண்டாம். தேவையென்றால் வீரரைச் சம்பளத்தோடு விலக்கி வைக்கட்டும், வாரக் கணக்கில் எல்லை வைத்து. நீட்டிப்பதானால் காரணம் எழுத்தில் வேண்டும். வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் சேரட்டும்: 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தன்மீது பிறக்கும் எந்த உத்தரவையும் வீரர் ஏழு நாளில் லீக்கிடம் தர வேண்டும், ஜீவனாம்சத் தொகையை அவருடைய தவணையிலிருந்து பிடித்து நேராக அனுப்ப அவர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றமும் வேண்டாம், வாரியத்தின் விதித் திருத்தமும் வேண்டாம். சேப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், அடுத்த பருவத்து ஒப்பந்தங்களை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த இரண்டு பத்திகளைச் சேர்த்தால் போதும்.